தனித்தேர்வர்: வயது கடந்து எழுதிய மெட்ரிகுலேஷன்

இந்தியக் கல்வி வரலாற்று நூல்களில் ‘தனித்தேர்வர்’ பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் தென்படுகிறார். பள்ளிகளைப் பற்றியும் பல்கலைக்கழகங்களைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. திருமணத்துக்கும் கைம்மைக்கும் சிறைவாசத்துக்கும் பின்னர், வகுப்பறையில் அமராமலேயே பள்ளியிறுதிச் சான்றிதழ் பெற்றவர்களின் வரலாறோ சிதறிக் கிடக்கிறது. அதன் முதன்மையான இழையொன்று துர்காபாய் தேஷ்முக்கின் வாழ்க்கையோடு பின்னியது.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. தொடக்கத்தில் அவை கற்பிக்கவில்லை; தேர்வு நடத்தின, பட்டம் வழங்கின. கற்றலும் சான்றளித்தலும் இவ்வாறு பிரிந்து நின்றதைக் காலனியக் கல்வியின் குறையாகவே பலர் சுட்டியுள்ளனர். அது நியாயமான விமர்சனமே. ஆயினும் அந்தப் பிரிவினையில் ஒரு சிறு வாசலும் இருந்தது. விதிகள் இடத்துக்கு இடம் மாறினாலும், பெண்களுக்கும் பணியிலிருந்த ஆசிரியர்களுக்கும் பள்ளி வருகையிலிருந்து விலக்களித்துத் தேர்வெழுத அனுமதிக்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் நிலவியது. சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தபின் நிலைமை சற்று மாறியது. பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் பதிவாகும் அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இயல்பிலேயே பள்ளி மாணவருக்கு உரியது; வீட்டிலிருந்து படிப்பவருக்கு அதில் நிரப்ப ஏதுமில்லை.

இந்தச் சூழலில்தான் துர்காபாய் வருகிறார். 1909இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் மணம் முடிக்கப்பட்டு, பதினைந்து வயதளவில் அந்தத் திருமணத்திலிருந்து விலகியவர். ஆங்கிலவழிக் கல்வியை எதிர்த்துச் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். ஆனால் இந்தி கற்றுப் பிற பெண்களுக்குக் கற்பித்தவர். உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்று 1930க்கும் 1933க்கும் இடையில் மும்முறை சிறை சென்றார். எழுத்தறிவின்மையால் தம் வழக்கைக்கூட எடுத்துரைக்க இயலாத பெண் கைதிகளைச் சிறையில் கண்டதே சட்டம் பயிலத் தூண்டியது என்று பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். சட்டம் பயிலப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு மெட்ரிகுலேஷன் வேண்டும். அரசியல் மேடைகளில் மொழிபெயர்ப்பாளராக நின்ற ஒருவர், இருபதுகளின் நடுவில் ஆங்கில இலக்கணத்தை அடிப்படையிலிருந்து கற்கத் தொடங்கினார். மெட்ரிகுலேஷனைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின்வழி முடித்தார். பின்னர் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர முயன்றபோது மகளிர் விடுதி இல்லை என்பது தடையாகச் சொல்லப்பட்டது. செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து மாணவியரைத் திரட்டி, விடுதியைத் தாமே தொடங்கிச் சேர்ந்தார். 1942இல் சட்டப் படிப்பை முடித்துச் சென்னையில் வழக்கறிஞரானார்.

தனியொருத்தியின் முன்னேற்றமாக இது நின்றிருந்தால் வரலாற்றாய்வில் பெரிய இடம் பெற்றிராது. 1930களின் பிற்பகுதியில் சென்னையில் அவர் உருவாக்கிய ஆந்திர மகிளா சபா, படிப்பை இடைநிறுத்திய பெண்களைத் திரட்டி அதே காசி மெட்ரிகுலேஷனுக்குப் பயிற்றுவித்தது. சென்னையில் வாழும் தெலுங்குப் பெண்கள், கங்கைக்கரைப் பல்கலைக்கழகமொன்றின் சான்றிதழுக்காகப் படித்தனர் என்பதே உள்ளூர்க் கல்விமுறை அவர்களுக்கு எவ்வளவு இடமளித்தது என்பதற்குச் சான்று.

1953இல் மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டபோது துர்காபாய் அதன் முதல் தலைவரானார். ஊரகப் பணித்திட்டங்கள் விரிந்தன. கிராமசேவிகையும் செவிலியரும் ஆசிரியையும் தேவைப்பட்டனர். நகரத்துப் படித்த பெண்கள் சிற்றூரில் தங்க முன்வரவில்லை. சிற்றூரில் தங்கக்கூடிய பெண்களிடம் சான்றிதழ் இல்லை. 1958இல் வாரியம் தொடங்கிய வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டம் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. ஓரளவு படித்து நிறுத்திய பெண்களை, குறிப்பாகக் கைம்பெண்களையும் கணவரால் கைவிடப்பட்டோரையும், ஏறத்தாழ 2 ஆண்டுகளில் பள்ளித் தேர்வுகளுக்கு ஆயத்தப்படுத்துவது அதன் முறை. சென்னை வகுப்புகளின் அனுபவம் தேசியத் திட்டமாயிற்று. ஆனால் நோக்கத்தில் நிகழ்ந்த இடப்பெயர்ச்சியைக் கவனிக்க வேண்டும். சென்னையில் சான்றிதழ் அந்தப் பெண்ணின் தேவை. தில்லியில் அது திட்டமிடுதலின் மனிதவளத் தேவை. இரண்டும் ஒன்றே என்று கொண்டாடுவோரும், பின்னது முன்னதை விழுங்கிவிட்டது என்று ஒதுக்குவோரும் அவசரப்படுகிறார்கள். அரசுக்குக் கிராமசேவிகை தேவைப்பட்டிராவிட்டால், கைவிடப்பட்ட பெண்ணின் எட்டாம் வகுப்புக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

பிந்தைய கதை பலரும் அறிந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1979இல் திறந்தநிலைப் பள்ளியை ஒரு செயல்திட்டமாகத் தொடங்கியது. 1989இல் அது தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்னும் தன்னாட்சி நிறுவனமானது. 2002இல் இன்றைய பெயரைப் பெற்றது. பத்தாம் வகுப்புக்கு நிகரான நிலையில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும்; உச்ச வயது வரம்பு கிடையாது. பதிவு 5 ஆண்டுகள் செல்லும்; தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் நிற்க, எஞ்சியவற்றைப் பின்னர் எழுதலாம். அறுவடைக் காலத்திலும் பேறுகாலத்திலும் படிப்பு நின்றுபோகும் என்பதை ஒப்புக்கொண்ட விதி இது. பழைய மெட்ரிகுலேஷனில் ஒரு பாடத்தில் தவறியவர் அனைத்தையும் மீண்டும் எழுத நேர்ந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

எனினும் ‘நிகரானது’ என்ற சொல், ஏற்பவர் ஏற்கும்வரைதான் செல்லுபடியாகிறது. மருத்துவக் கல்வி ஒழுங்குமுறையில் 2018இல் நுழைந்த திருத்தம், திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களையும் தனித்தேர்வர்களையும் நீட் தேர்வுக்குத் தகுதியற்றவர்களாக்கியது. அரசே நிறுவிய பள்ளியின் சான்றிதழை, அரசின் இன்னொரு அமைப்பு ஏற்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. உச்ச வயது வரம்பை மட்டும் அப்போது நிலைநிறுத்தியது.