நீரில் நாட்டிய தூண்

பெரம்பலூருக்கு அருகே சாத்தனூர் என்று ஒரு கிராமம் உண்டு. அங்கே ஓர் ஓடைக்கரையில் கல்லாகிப் போன மரம் ஒன்று நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். 1940-ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல் இருந்ததாம். அந்தக் கடல் கொண்டு போய்ப் புதைத்த மரம் அது. முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு மரமாகத் தோன்றவில்லை. முறிந்து விழுந்த ஒரு பாய்மரமாகவே தோன்றியது.

கடல் என்றோ விலகிப் போய்விட்டது. இன்று பெரம்பலூர் மாவட்டத்துக்கும் கடற்கரை இல்லை. அரியலூர் மாவட்டத்துக்கும் இல்லை. சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் அகப்படும் சிப்பிகளும் நத்தைக் கூடுகளுந்தான் பழைய உறவுக்குச் சாட்சி. ஆனால், விந்தையைப் பாருங்கள்! தமிழன் கடலில் நடத்திய மாபெரும் படையெடுப்பின் நினைவைச் சுமந்து நிற்கும் தலைநகரம் இந்த வறண்ட மண்ணில்தான் இருக்கிறது. ஜெயங்கொண்டத்தைத் தாண்டிச் சென்றால் கங்கைகொண்ட சோழபுரம்!

கி.பி. 1025-ஐ ஒட்டி இராஜேந்திர சோழனின் கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்தன. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தன; அவனுடைய யானைகளையும், கோட்டை வாசலை அணிசெய்த வித்தியாதர தோரணத்தையும் கைப்பற்றின. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், நக்கவாரம் என்று 13 இடங்களை மன்னனின் மெய்க்கீர்த்தி அடுக்கிக் கொண்டே போகிறது. நக்கவாரம் என்பது இன்றைய நிக்கோபார். ஸ்ரீவிஜயம் சுமத்ராத் தீவின் பாலெம்பாங் என்பதை 1918-இல்தான் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேடெஸ் எடுத்துக் காட்டினார். ஒன்பது நூற்றாண்டுகளாக நம் கல்வெட்டில் பெயர் இருந்தது; ஊர் எங்கே என்பதுதான் நமக்கு மறந்து போயிருந்தது!

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் படையெடுப்பை வைத்து ஒரு நாவல் எழுத எனக்கு ஆசை வந்தது. அரசர்களையும் இளவரசிகளையும் பற்றி எழுதியவர்கள் பலர். நானோ, கப்பலில் பாயை இழுத்துக் கட்டிய ஒரு மாலுமியைக் கதாநாயகனாக்க விரும்பினேன். அவனுக்கு உண்மையான ஒரு பெயர் வேண்டும். கல்வெட்டுத் தொகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் புரட்டினேன்.

சோழர் கல்வெட்டுகள் கஞ்சத்தனமானவை அல்ல. இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் சுமார் 400 பேர். அத்தனை பேருடைய பெயர்களும் கல்லில் இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுகூட உண்டு. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் உண்டு. விளக்குக்கு நெய் அளக்க ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்கள் உண்டு. தஞ்சைக் கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் ராமன், ‘மும்முடிச்சோழ பிரமராயன்’ என்ற பட்டத்தோடு கல்லில் வாழ்கிறான்.

வீரத்துக்குச் சிறப்புச் செய்யும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. தளபதிக்கு ‘ஏனாதி’ என்று பட்டம் சூட்டி மோதிரம் அணிவித்தது தமிழ் மரபு. போரில் உயிர் துறந்தவனின் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்று நிலம் விடுவார்கள். வீழ்ந்த இடத்தில் நடுகல் எழுப்புவார்கள். எல்லாம் இருந்தும், கடாரம் சென்ற கப்பல்களில் துடுப்புப் பிடித்த ஒருவனுடைய பெயர்கூட நான் புரட்டிய ஏடுகளில் எனக்கு அகப்படவில்லை. மெய்க்கீர்த்தியில் கப்பல்கள் வருகின்றன. அவற்றை ஓட்டியவர்கள் வரவில்லை. ‘கடாரங்கொண்டான்’ என்ற பட்டம் மன்னன் ஒருவனுக்கே போய்ச் சேர்ந்தது.

ஏன் இப்படி? யோசித்துப் பார்த்தேன். தரையில் விழுந்தவனுக்கு விழுந்த இடத்தில் கல் நடலாம். கடலில் விழுந்தவனுக்கு எங்கே நடுவது? அலை அடையாளம் வைத்துக்கொள்வதில்லையே!

கடைசியில் என் மாலுமிக்கு நானே ஒரு பெயர் சூட்டிக் கதையை முடித்தேன். வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும், ஒருவனுடைய இடத்தில் வேறொருவனை உட்கார வைத்துவிட்டதுபோல ஓர் உறுத்தல் எனக்குள் இருந்து கொண்டேயிருந்தது.

அந்த உறுத்தலோடுதான் நம் காலத்துக் கடலோரக் காவல் படையின் வரலாற்றைப் படித்தேன். கடல்வழிக் கள்ளக்கடத்தல் பெருகியதைக் கண்டு, 1974-இல் கே. எஃப். ருஸ்தம்ஜி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் யோசனைப்படி 1977 பிப்ரவரி 1-ஆம் தேதி இந்தப் படை இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கியது. 1978 ஆகஸ்டில் சட்டப்படி நிலைபெற்றது. வைஸ் அட்மிரல் வி. ஏ. காமத் முதல் தலைமை இயக்குநர். கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளுமே ஆரம்ப முதல். அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் பாம்பன். இன்னொன்றின் பெயர் பழவேற்காடு. நம் கரையின் இரண்டு ஊர்ப் பெயர்களைச் சுமந்துகொண்டு அந்தப் படை பிறந்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி!

1999 அக்டோபரில் நடந்த ஒரு சம்பவம் நாவலுக்கே ஏற்றது. சுமத்ராவின் கோலா தஞ்சுங் துறைமுகத்திலிருந்து சுமார் 7,000 டன் அலுமினியத்தோடு புறப்பட்ட ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற ஜப்பானியருடைய கப்பலைக் கொள்ளைக்காரர்கள் கைப்பற்றினார்கள். கப்பலில் இருந்த 17 பேரையும் ஒரு மிதவையில் இறக்கிக் கடலில் விட்டார்கள். பல நாட்கள் தத்தளித்த பிறகு தாய்லாந்து மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றினார்கள். கொள்ளைக்காரர்களோ கப்பலுக்குப் பெயரை மாற்றி எழுதி அரபிக்கடல் வரை வந்துவிட்டார்கள். காவல் படையின் ‘தாராபாய்’ என்ற கப்பல் அதைத் துரத்தியது. கடற்படையின் ‘பிரஹார்’ துணைக்கு வந்தது. நவம்பர் 16-ஆம் தேதி கப்பல் பிடிபட்டது. கொள்ளையர் 15 பேரும் சிக்கினார்கள். இராஜேந்திரனுடைய கப்பல்கள் கொள்ளைப் பொருளோடு திரும்பிய அதே கடற்பகுதியில் களவு போன கப்பலை, இந்தியர்கள் மீட்டு உரியவருக்குக் கொடுத்தார்கள்.

இந்தப் படைக்கென்றே ‘தட்ரக்ஷக்’ பதக்கங்கள் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வகை உண்டு. தட்ரக்ஷக் என்றால் கரையைக் காப்பவன். குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் பட்டியல் வெளியாகிறது. பதவியும் பெயருமாக நாலு வரி. அதற்கு மேல் இல்லை. பத்திரிகையில் ஒரு மூலையில் வரும் அந்தப் பட்டியலை முன்பெல்லாம் நான் படித்ததில்லை. இப்போது ஒரு பெயர் விடாமல் படிக்கிறேன்.

2024 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு, போர்பந்தருக்கு அப்பால் ‘ஹரி லீலா’ என்ற எண்ணெய்க் கப்பலில் அடிபட்டுக் கிடந்த ஒருவரை மீட்க ஒரு ஹெலிகாப்டர் சென்றது. அது கடலில் விழுந்தது. விபின் பாபு, கரண் சிங், ராகேஷ் குமார் ராணா என்ற மூவர் மாண்டனர். ராணாவின் உடலை ஒரு மாதத்துக்கும் மேல் தேடிக் கண்டெடுத்தார்கள். கடல் மறைத்து வைத்த ஒருவனை விடாமல் தேடி, பெயர் சொல்லிக் கரை சேர்த்தார்கள். ‘கொண்டான்’ என்று பட்டம் பெற்றவன் மன்னன் ஒருவன். காக்கப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளில் நாம் கற்றுக்கொண்டது இதுதான் என்றால், அது சின்ன விஷயமல்ல.

கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் பெருவிழா நடந்தது, நாணயமும் வெளியிட்டார்கள். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு நாள் நான் போயிருந்தேன். கோயிலின் வடக்கு வாசலருகே, சிவபெருமான் தம் காலடியில் பணிந்திருக்கும் சண்டேசருக்குத் தலையில் மலர்மாலை சுற்றும் சிற்பத்தை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். இராஜேந்திரனே தனக்கு முடிசூட்டிக்கொண்ட குறிப்பு அது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பிறகு ஏரிக்கரைக்குப் போனேன். கங்கை நீரைக் கொண்டு வந்து வெற்றியின் நினைவாக மன்னன் அமைத்த சோழகங்கம் அது. ‘நீரால் ஆன வெற்றித் தூண்’ என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைக் குறிக்கிறது. கோயில் மதிலின் கற்களை 1836-இல் கொள்ளிடத்து அணைக்குப் பெயர்த்துக் கொண்டு போனார்கள். நீர்த்தூணை யாராலும் பெயர்க்க முடியவில்லை.

கரையில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக் கொண்டிருந்தார்.

“ஐயா, இந்த ஏரிக்கு என்ன பேர்?” என்று கேட்டேன்.

“பொன்னேரிங்க.”

“யார் வெட்டினது தெரியுமா?”

“ராசா வெட்டினார்னு சொல்லுவாங்க” என்றவர், கோலை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “ராசா எங்கேங்க மம்புட்டி புடிச்சாரு? எங்களை மாதிரி ஆளுங்கதான் வெட்டியிருப்பாங்க.”

அவருடைய பெயரைக் கேட்டேன். சொன்னார். என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.