ஐந்து மீன்களின் வாரிசுகள்

ஈப்போவிலிருந்து கோப்பேங், கம்பார் பக்கம் பழைய சாலையில் போகிறவர்கள், இருபுறமும் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். ஈய லம்பம் நடந்த காலத்தில் தோண்டிய பள்ளங்கள் அவை. 1985இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அந்தக் குட்டைகள் மீன் வளர்ப்புக்குக் கைகொடுத்தன. பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் வட்டாரத்தில் இன்றும் திலாப்பியாவும் கெண்டையும் உடாங் காலாவும் வளர்க்கிறார்கள்.

இவற்றில் திலாப்பியாவுக்கு ஒரு கதை உண்டு. மலாய்க்காரர்கள் அதை 'ஈக்கான் ஜெப்புன்' என்றார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வந்த மீன் என்பதால் அந்தப் பெயர். ஆனால் அதன் பூர்வீகம் ஜப்பான் அல்ல. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பகுதி. அப்படியானால் இங்கே எப்படி வந்தது? எத்தனை மீன்கள் வந்தன?

ஜாவாவில் தொடங்கிய வம்சம்

1930களின் பிற்பகுதியில், கிழக்கு ஜாவாவின் பிளித்தார் பகுதியில், முஜாயிர் என்ற கிராமத்து மனிதர் தென்கடற்கரையில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் இதுவரை காணாத மீன்களைக் கண்டார். குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும் அதிசய மீன். ஆப்பிரிக்காவிலிருந்து அது ஜாவாவுக்கு வந்த வழி யாருக்கும் தெரியாது. அவர் அதைப் பிடித்து நன்னீரில் பழக்கினார். இன்றும் இந்தோனேசியாவில் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். மீன்துறை நூல்களில் பதிவான கணக்குப்படி, அப்போது கிடைத்தவை ஐந்தே ஐந்து மீன்கள்: மூன்று ஆண், இரண்டு பெண்.

போர்க்காலத்தில் ஜப்பானியர் அந்த மீனை மலாயாவுக்குக் கொண்டுவந்தனர். அரிசி கிடைக்காமல் தோட்ட மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்த காலம் அது. எந்தத் தண்ணீரிலும் பிழைத்து, சில மாதங்களிலேயே குஞ்சு விடும் மீனை யார்தான் வேண்டாம் என்பார்கள்? 1949இல் அது பினாங்கிலிருந்து தாய்லாந்துக்குப் போனது. 1952இல் பாங்காக்கிலிருந்து தமிழ்நாட்டின் மண்டபத்துக்கு வந்தது. அங்கே குளங்களில் பரவி 'ஜிலேபி மீன்' ஆனது. ஆக, அந்த ஜிலேபி மீனும் மலாயா வழியாகப் போன சொந்தம்தான்!

சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்தால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களில், பிள்ளை பிறந்ததும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே 'சொந்தத்தில் திருமணமா?' என்பதுதான். மீனுக்கும் அதே விதி. ஐந்து பெற்றோரிலிருந்து ஒரு வம்சம் தொடங்கினால், முதல் தலைமுறையிலேயே மரபணு வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது கணக்கு. அரிதான மரபணுக்கள் அதைவிட அதிகமாகத் தொலையும். குட்டைகளில் கைப்பிடி அளவைத் தாண்டாமலே குஞ்சு விட்டுக் குஞ்சு விட்டு நெரிசலாகிப் போன அந்த மீனைப் பற்றி விவசாயிகள் குறைபட்டார்கள். அந்த மீனின் இயல்பும் அதுதான். ஆனால் வம்சம் குறுகிப்போனதும் ஒரு காரணம் என்று 1980களில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னோர் உதாரணம் கண்ணெதிரே நிற்கிறது. 1876இல் அமேசானிலிருந்து விக்கம் கொண்டுபோன 70,000 ரப்பர் விதைகளில், லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை 3,000க்கும் குறைவு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் 22. அவற்றில் 9 பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. மலாயாவின் பால்மரங்கள் அனேகமாக எல்லாமே அந்த ஒரே விதைச் சேகரிப்பின் வாரிசுகள். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே வந்தால் மரங்கள் தாங்குமா என்ற பயம் அதனால்தான். 1981இல் பன்னாட்டுக் குழு ஒன்று மறுபடி அமேசான் காட்டுக்குப் போய் 60,000க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டியது. மலேசியாவுக்கும் அதில் பங்கு கிடைத்தது.

காட்டு மீனின் மதிப்பு

மீன் விஷயத்திலும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. இம்முறை நைல் திலாப்பியா. அதுவும் சிறு கூட்டத்தில் தொடங்கியதுதான். 1965இல் ஜப்பானிய இளவரசர் அகிஹித்தோ தாய்லாந்து மன்னருக்குக் கொடுத்த 50 மீன்கள் அரண்மனைக் குளத்தில் பெருகித்தான் அந்த நாடு முழுதும் பரவின. 1988இல் பிலிப்பீன்ஸில் ஆய்வாளர்கள் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் காட்டு மீன்களைக் கொண்டுவந்து, ஆசியப் பண்ணைகளில் இருந்த நான்கு வகைகளோடு பக்கத்தில் வைத்து வளர்த்தார்கள். பண்ணையில் பழகிய மீன்தான் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. எகிப்து, கென்யா காட்டு மீன்கள் அவற்றுக்கு இணையாகவும் மேலாகவும் வளர்ந்தன. எட்டையும் கலந்து, உடன்பிறப்புகள் இணையாதபடி குடும்பம் குடும்பமாக அடையாளம் வைத்துப் பொறுக்கியதில், ஒவ்வொரு தலைமுறையிலும் வளர்ச்சி 10 முதல் 15 விழுக்காடு கூடியது. 'கிஃப்ட்' என்ற அந்த வகையின் 60க்கும் மேற்பட்ட குடும்பங்கள் 2001 வாக்கில் கெடாவின் ஜித்ராவுக்கு வந்தன.

அந்த மீனை ஆப்பிரிக்காவுக்கே திருப்பித் தர ஆய்வு நிறுவனம் 2007 வரை மறுத்தது. பண்ணை மீன் தப்பி ஆற்றில் கலந்தால் அங்குள்ள காட்டு வம்சம் கெடும் என்பது அதன் பயம். வயிற்றுப்பாட்டுக்கு மீன் கேட்கும் ஆப்பிரிக்க விவசாயிக்கு இது நியாயமா என்ற வாதமும் வலுவாக எழுந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பேராக் ஆற்றுக்கும் இதே கவலை உண்டு. தீபகற்ப மலேசியாவில் பேராக், பகாங் ஆறுகளில் வாழும் தெமோலே, 1975 முதல் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட அரிய மீன். 1930இல் எழுந்த செண்டேரோ அணை பேராக் ஆற்றைக் குறுக்கே வெட்டியது. திதிவங்சா மலைத்தொடர் இடையில் நிற்பதால், இரண்டு ஆறுகளின் தெமோலேயும் தாமாகக் கலக்க வழியில்லை. ஓர் ஆற்றுக் குஞ்சை மற்றோர் ஆற்றில் விடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டாமா?

பொரிப்பகத்தில் ஆபத்து எளிதில் வரும். ஒரு பெண் கெண்டை லட்சக்கணக்கில் முட்டையிடும். நாலைந்து தாய் மீன்கள் இருந்தாலே ஒரு வட்டாரத்துக்குப் போதும். குஞ்சுகள் எண்ணிக்கையில் லட்சம், வம்சத்தில் நாலைந்து! குட்டைக்குக் குஞ்சு வாங்குகிறவர் விலை, அளவு, நிறம் எல்லாம் கேட்கிறார். ஆற்றில் குஞ்சு விடும் விழாவில் எத்தனை ஆயிரம் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். அவை எத்தனை தாய் மீன்களின் பிள்ளைகள் என்பதையும் அதே ஒலிபெருக்கியில் சொல்லலாம்.