யாரும் நிமிர்ந்து பார்க்காத சிலைகள்

சென்னை பூக்கடை போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நிற்கிறார். கீழே மல்லிகை, சம்பங்கி, மீன்பாடி வண்டி, ஆட்டோ ஹாரன். அவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இத்தனைக்கும் 'ஜார்ஜ் டவுன்' என்று இந்தப் பேட்டைக்கே அவர் பெயர்தான். அந்தச் சிலையைக் கொடையாகத் தந்தது லண்டன் அல்ல, இதே ஊர் வணிகர் ஒருவர்.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் இது கறுப்பர் நகரம். அதிலும் இது இரண்டாவது கறுப்பர் நகரம். முதலாவது, கோட்டைச் சுவரை ஒட்டி, இன்றைக்கு ஹைகோர்ட் இருக்கும் இடத்தில் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் அந்தப் பழைய ஊர் இடித்துத் தள்ளப்பட்டது. கோட்டையின் பீரங்கிக்கு முன்னால் வீடுகள் மறைப்பாக இருக்கக் கூடாதாம். மக்கள் வடக்கே நகர்ந்தார்கள். இனி இந்தக் கோட்டைத் தாண்டிக் கட்டக் கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்னமும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கத்தில் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

ரோட்டைத் தாண்டினால் ஹைகோர்ட். உள்ளே சர் டி. முத்துசாமி ஐயர் பளிங்கில் உட்கார்ந்திருக்கிறார். மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமத்து உதவியாளாக வேலையைத் தொடங்கியவர், சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி ஆனார். சிலையில் அவர் காலில் செருப்பு இல்லை. ராஜாக்களுக்கும் தளபதிகளுக்கும் பூட்ஸ் போட்டே சிலை செய்துவந்த காலத்தில் அந்த வெறுங்கால் சாதாரண விஷயம் இல்லை. வாய்தா வாங்க வருகிறவர்களுக்கு அதைக் கவனிக்க நேரம் ஏது?

அங்கிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். மியூசியத்தில் கார்ன்வாலிஸின் பிரம்மாண்டமான சிலை இருக்கிறது. தாமஸ் பேங்க்ஸ் இங்கிலாந்தில் செதுக்கிக் கப்பலில் அனுப்பியது. நகரத்தில் பல இடம் மாறி, கடைசியில் இங்கே வந்து நின்றிருக்கிறது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் பீடத்தைப் பாருங்கள். 1792இல் திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அப்பாவின் போர்க்கடனுக்கு ஈடாகப் போன சின்னப் பையன்கள். செதுக்கியவருக்கு அது வெற்றிச் சின்னம். நமக்கு?

இதே சென்னையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்த சிலை ஒன்றும் இருந்தது. மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீல். 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கைதிகளைக் கொடூரமாகத் தண்டித்தவர், லக்னோவில் சுடப்பட்டுச் செத்தார். 1927இல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது. தொண்டர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பத்து வருஷம் கழித்து, ராஜாஜியின் காங்கிரஸ் அரசு வந்த பிறகுதான் சிலை மியூசியத்துக்குப் போனது.

இதிலிருந்து எனக்கு ஒன்று புரிகிறது. நீல் போனதற்குக் காரணம், அவர் யார் என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. ஜார்ஜ் நிற்பதற்குக் காரணம் மன்னிப்பு இல்லை, மறதி. அதே மறதிதான் முத்துசாமி ஐயரின் வெறுங்காலையும் பாரிமுனைத் தூணையும் சேர்த்து மூடியிருக்கிறது. மறதிக்கு நல்லவர் கெட்டவர் பேதம் கிடையாது.

சிலையை எடுக்கணுமா வைக்கணுமா என்ற சண்டை அடிக்கடி வருகிறது. என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றின் காலடியிலும் தமிழில் நாலு வரி எழுதி வைக்கலாம். இவர் யார், யார் காசில் நின்றார், இந்த இடத்தில் முன்னால் யார் வீடு இருந்தது. 1927இல் நீல் சிலைக்கு முன்னால் போய் நின்றவர்களுக்கு அந்த நாலு வரி மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. எடுப்பதா வைப்பதா என்று முடிவெடுக்க நமக்கும் அது தெரிந்தாக வேண்டும்.