உணவை ஒட்டிய நடை: புதுச்சேரியும் இரண்டாம் வகை நீரிழிவும்

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி, புதுச்சேரியில் 20 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியச் சராசரி 11.4. கோவா மட்டுமே (26.4) நூலிழை முந்தி நிற்கிறது. நான்கு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் ஊரில், வாக்கிங்குக்கு வெறும் வயிற்றோடு போகலாமா, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுவது இயல்பு. நடைக்காக உணவைத் திருத்துவதைவிட, உண்ணும் நேரத்தை ஒட்டி நடையை அமைத்துக்கொள்வதே இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பயிற்சிக்கு முன் மாவுச்சத்து, பின் புரதம் என்ற அறிவுரை நெடுநேரம் கடுமையாக உழைக்கும் விளையாட்டு வீரர்களுக்காக உருவானது. அரைமணி நேரம் நடப்பவருக்குத் தசையிலும் கல்லீரலிலும் ஏற்கெனவே உள்ள சேமிப்பே போதும். நடக்கப்போகிறோம் என்பதற்காகவே காலையில் பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட காபியும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு, பெரும்பாலோர் விஷயத்தில், மருத்துவக் காரணம் இல்லை.

நடையின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் தயவின்றியே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளிழுக்கிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலுக்கு இது திறந்திருக்கும் இன்னொரு வாசல். அப்படியானால் குளுக்கோஸ் ஏறும் வேளையில், அதாவது உணவுக்குப் பின், அதைப் பயன்படுத்துவதே முறை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்தபோதும், ஒவ்வொரு முதன்மை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோதும் கண்காணிக்கப்பட்டார்கள். மொத்த நேரம் ஒன்றே. ஆயினும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் இரண்டாம் முறையில் சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவு உணவுக்குப் பின் 22 விழுக்காடு.

அந்த இரவு எண்தான் புதுச்சேரிக்கு முக்கியம். இங்கு பல வீடுகளில் இரவுச் சாப்பாடு இட்லி, தோசை, பரோட்டா என மாவாகவே முடிகிறது. பின் தொலைக்காட்சி, தூக்கம். விடியலில் கடற்கரைக் காந்தி சிலையருகே விறுவிறுவென நடப்பவர், அதே நாளின் இரவு ஏற்றத்தை நடையால் தொடுவதே இல்லை. ஆனால் கடற்கரைச் சாலை மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு மூடப்படுகிறது. நோயாளிகளுக்கு இந்த ஊர் தந்திருக்கும் மருத்துவ வசதியாகவே அதை நான் கருதுகிறேன். அருகில் வசிக்காதவருக்குத் தெருவோ மொட்டை மாடியோ போதும்.

நடைக்கு முன் உண்ணத் தேவையில்லை என்பதற்கு விதிவிலக்கை முடிவு செய்வது மருந்து. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு நடையால் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ இன்சுலினோ எடுப்பவர் நிலை வேறு. நடைக்கு முன் அளவு 90 மி.கி.க்குக் கீழே இருந்தால் அவர் சிறிது மாவுச்சத்து உண்ண வேண்டும். மாலை நடையின் தாக்கம் தூக்கத்திலும் தொடரக்கூடும் என்பதால், மருந்தளவு பற்றி முன்னதாகவே மருத்துவரிடம் பேச வேண்டும். 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீர். 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை. கடற்கரைச் சுண்டல் மாலைப் பசிக்கு நல்ல தேர்வு. ஆனால் இந்த அவசரத்துக்கு உதவாது. அதன் நாரும் புரதமும் குளுக்கோஸை மெதுவாகவே விடுவிக்கும்.

ஒட்டாகோ ஆய்வில் ஒவ்வொரு முறையும் இரண்டு வாரமே பின்பற்றப்பட்டது. கண்ணும் சிறுநீரகமும் காக்கப்பட்டனவா என்று அது சொல்லவில்லை என மறுக்கலாம். நியாயமான மறுப்பு. விடியல் நடையைக் கைவிடும்படி நானும் கேட்கவில்லை. சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் உடலுழைப்பையும் சீராக்கியதால் நோயுறும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. பழகிய நடை எதுவும் வீணல்ல. இரவு அடுப்படி வேலை முடியவே பத்து மணியாகும் பெண்களிடம் கடற்கரைக்குப் போகச் சொல்வது பயனற்றது; அவர்களின் பத்து நிமிடத்தை வீட்டார் வேலையைப் பகிர்ந்துதான் உண்டாக்க முடியும். ‘தினமும் நடங்கள்’ என்று எழுதும் மருத்துவர், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, அதற்குப் பின் பாத்திரம் கழுவுவது யார் என்றும் கேட்க வேண்டும்.