எந்த மாயாவி?

பழைய காமிக்ஸ் வாங்கப் போகிறவர் ‘மாயாவி கதை வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் விற்பவரால் எடுத்துக் கொடுக்க முடியாது. ‘எந்த மாயாவி?’ என்று அவர் கேட்டாக வேண்டும்.

சிவகாசியில் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. விபத்தில் ஒரு கையை இழந்து உலோகக் கையைப் பொருத்திக்கொண்டவர். மின்சாரம் உடலில் பாய்ந்தால் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். ராணி காமிக்ஸில் 1990களில் முகமூடி மாட்டிக்கொண்டு காட்டை ஆண்ட மாயாவி முற்றிலும் வேறு ஆள். அமெரிக்கர் லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேண்டம் அவர். அந்த ஃபேண்டமே முத்து காமிக்ஸில் வந்தபோது வேதாளர். ஆக, ஒரே பெயரில் இரண்டு ஆட்கள், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள். தமிழ் காமிக்ஸைப் பட்டியல் போட உட்கார்ந்த எவரும் முதலில் அவிழ்க்க வேண்டியிருந்த முடிச்சு இது.

அவிழ்த்தவர்கள் பேராசிரியர்களும் அல்லர், நூலகர்களும் அல்லர். காசு சேர்த்து இதழ் வாங்கிய பள்ளிப் பையன்கள்தாம், பின்னாளில் அலுவலகமும் கடையும் வயலும் பார்த்துக்கொண்டே அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு வெளியீட்டு எண், மாதம், தலைப்பு, நாயகன், விலை என்று அவர்கள் எழுதி வைத்த கட்டங்கள் இல்லாவிட்டால், தமிழின் ஒரு பெரிய வெகுசன வாசிப்புக்கு இன்று வரலாறே இருந்திருக்காது.

அந்த இதழ்கள் வந்து சேர்ந்த ஊர்களில் விழுப்புரத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. சென்னை, விருத்தாசலம் வழியே திருச்சி, கடலூர் வழியே மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியே காட்பாடி, கிழக்கே புதுச்சேரி. புதுச்சேரிப் பாதை 1879லேயே வந்துவிட்டது. நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர். ஆனாலும் லக்கி லூக்கும் கேப்டன் டைகரும் சிக் பில்லும், அதாவது பிரெஞ்சு மொழியில் பிறந்த இந்த நாயகர்கள் எல்லாரும், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வந்து சேர்ந்தது கிழக்கேயிருந்து அல்ல. தெற்கே, தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடிக்கும் சிவகாசியிலிருந்து பண்டல் கட்டி வந்தார்கள். பேருந்து நிலையக் கடையில் கயிறு கட்டித் தோரணமாகத் தொங்கவிட்ட வார இதழ்களுக்கு நடுவே மாதத்தில் ஒரு நாள் புது அட்டை ஒன்று தெரியும். ‘அண்ணே, லயன் வந்திருச்சா?’ என்று கேட்டுக் கேட்டு நடந்தவர்களுக்குத்தான் அந்த நாளின் அருமை தெரியும். சொன்ன தேதியில் வராத மாதங்கள் ஏராளம்.

வராத மாதத்தையும் குறித்துவைக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம்.

முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் எம். சௌந்தரபாண்டியன். முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல், பதினேழு வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் வந்தவர் மாடஸ்டி பிளைஸி. அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டுடன் புறப்பட்டது. அது மாதம் இருமுறை தவறாமல் வந்து, 500 இதழ்களைத் தொட்டு, 2005இல் நின்றது. ராணி காமிக்ஸைப் பட்டியலிடுவது ஒப்பீட்டில் எளிது. தேதி பிசகாது, எண் தொடர்ந்து ஓடும்.

சிவகாசி இதழ்களின் கதை வேறு. ஒரே நிறுவனத்திலிருந்து முத்து, லயன், திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று பல தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி எண்வரிசை. கோடை மலர், தீபாவளி மலர் என்று தடித்த சிறப்பிதழ்களில் நான்கைந்து கதைகள் சேர்ந்திருக்கும். பழைய கதைகளை மறுபதிப்பாகத் தர காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்று இன்னொரு வரிசை. ஒரே கதை இரண்டு எண்களில் நிற்கும். ஒரே எண்ணில் ஐந்து கதைகள் நிற்கும். ‘அடுத்த வெளியீடு’ என்று பின்னட்டையில் விளம்பரம் வந்திருக்கும், கதை வந்திருக்காது. அல்லது வேறு தலைப்பில் வந்திருக்கும். விளம்பரத்தை நம்பி நோட்டில் எழுதியவர் பிறகு அடித்து எழுத வேண்டியிருக்கும். இதழை எண்ணுவதா, கதையை எண்ணுவதா? நூலகவியல் படித்தவர்களும் தடுமாறும் இந்தக் கேள்விக்கு வாசகர்கள் கண்ட விடை நேர்த்தியானது. இதழுக்கு ஒரு பட்டியல், நாயகனுக்கு ஒரு பட்டியல் என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டார்கள்.

நாயகன் வாரியான பட்டியலில்தான் உண்மையான சிக்கல் காத்திருந்தது. கேப்டன் டைகரின் அசல் பெயர் புளூபெர்ரி. ஷான்-மிஷேல் ஷார்லியே எழுத, ஷான் ஜிரோ வரைந்து, 1963இல் ‘பிலோத்’ என்ற பிரெஞ்சு வார இதழில் தொடங்கிய தொடர் அது. ஆல்பங்கள் வரிசை எண்ணோடு வரும், ஒரு கதை இரண்டு மூன்று ஆல்பங்களுக்கு நீளும். தமிழில் பலரை டைகரின் பக்கம் இழுத்த ‘தங்கக் கல்லறை’ அசலில் 11, 12ஆம் ஆல்பங்கள். தமிழில் படித்தவருக்கு முன்னே பத்து ஆல்பங்கள் இருப்பது தெரியாது. பின்னே வந்த ‘மின்னும் மரணம்’ துண்டு துண்டாக, ஆண்டுக்கணக்கில் இடைவெளி விட்டு வந்தது. முந்தைய பாகம் எந்த இதழில் முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோத்துப் பார்த்தவர்கள் வாசகர்கள்தாம். 2015இல் அது ஒரே தொகுப்பாகக் கைக்கு வந்தபோது, அதைக் கேட்டுக் கேட்டு எழுதிய கடிதங்களுக்கும் அதில் பங்கு இருந்தது.

‘இரத்தப் படலம்’ இன்னும் கடினம். ஷான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த இந்த பெல்ஜியத் தொடரின் நாயகனுக்குத் தான் யாரென்று நினைவில்லை. கழுத்தெலும்பருகே ரோமன் எண்ணில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருப்பது மட்டுமே அடையாளம். ஒரு பாகத்தில் ஒரு பெயரோடு வருவான், இரண்டு பாகம் கழித்து அது பொய் என்று தெரியும். ஒரு பாகத்தைத் தவறவிட்டாலும் கதை கைநழுவிவிடும். தமிழில் 1980களில் தொடங்கிய இந்தத் தொடரை முழுமையாகத் தேடி அலைந்தவர்கள் பழைய புத்தகக் கடைகளில் செலவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கில்லை. 18 பாகங்களும் ஒரே கனத்த புத்தகமாக 2010இல் வந்தன.

பிரிட்டிஷ் கதைகளில் இடர்ப்பாடு வேறு மாதிரி. இரும்புக்கை மாயாவியின் அசல், ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கியது. வாரத்துக்குச் சில பக்கங்கள்தாம். எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அச்சாகாது, அது அங்கே வழக்கம். ஆகவே அந்தக் கதைகள் தமிழுக்கு வந்தபோதும் அநாமதேயமாகவே வந்தன. இருட்டையும் வெளிச்சத்தையும் அப்படிப் பிரித்துப் போட்ட தூரிகை ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோவுடையது என்பதும், தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் புல்மர் என்பதும் தமிழ் வாசகருக்குப் பல ஆண்டுகள் தெரியாது. தெரிந்த பிறகு பட்டியலில் ‘ஓவியர்’ என்று ஒரு கட்டம் கூடியது. ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த விழாவும் செய்துவிடாது.

இந்த வாசகர்கள் ஒருவரையொருவர் அறிந்தது கடிதப் பக்கத்தில்தான். 1980களில் அஞ்சலட்டை 15 பைசா. ‘எடிட்டர் சார்’ என்று தொடங்கி, போன இதழின் மொழிபெயர்ப்பு, அட்டை, அச்சுப்பிழை எல்லாவற்றையும் அந்தச் சின்ன அட்டையில் நுணுக்கி எழுதுவார்கள். ஆசிரியரும் ‘ஹாட்-லைன்’ பகுதியில் வெளிப்படையாகப் பேசுவார். தாள் விலை ஏறியது, அடுத்து எந்தக் கதை, ஏன் தாமதம் என்று வீட்டு மனிதரிடம் சொல்வதுபோலச் சொல்லும் நடை. கடிதம் அச்சானால் எழுதியவரின் பெயரோடு ஊரும் வரும். நாளடைவில் ஊரும் பெயரும் ஒட்டிக்கொள்ளும். ஆளைப் பார்க்காமலே இன்ன ஊர்க்காரருக்கு டெக்ஸ் வில்லர் பிடிக்கும், இன்னவருக்கு ஸ்பைடர் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஊரைப் பெயருக்கு முன்னே சுமப்பது நம் பழக்கம். சிவாஜி கணேசனின் முதலெழுத்தான ‘வி’யே விழுப்புரம்தான்.

கடிதப் பக்கம் இணைத்த கதை அமெரிக்காவிலும் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற ஆசிரியர் தன் காமிக்ஸ் இதழ்களில் கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட, அதைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் தங்களுக்குள் எழுதத் தொடங்கினார்கள். டெட்ராய்ட் நகரில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜெர்ரி பெயில்ஸ் 1961இல் ‘ஆல்டர் ஈகோ’ என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார். பிறகு எந்த இதழை யார் எழுதினார், யார் வரைந்தார் என்று தேடித் தொகுப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். ஜப்பானில் 1975 டிசம்பரில் 32 ரசிகர் குழுக்களோடு தொடங்கிய ‘காமிக் மார்க்கெட்’ இன்று லட்சக்கணக்கானோர் திரளும் சந்தை. 1978இல் ‘அனிமேஜ்’ இதழைத் தொடங்கும் பொறுப்பு வந்து சேர்ந்தபோது, அனிமே என்ற ஜப்பானிய அசைபடங்களைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்த தோஷியோ சுசுகி, பாடம் கேட்கப் போனது பள்ளி மாணவியர் சிலரிடம். எந்தத் தொடர், எந்த அத்தியாயம், யார் வரைந்தது என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த சுசுகிதான் பின்னாளில் ஜிப்லி ஸ்டூடியோவின் தயாரிப்பாளர்.

தமிழுக்குப் பட்டியல் புதிதல்ல. ஜான் மர்டாக் 1865இலேயே அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்தி அட்டவணை வெளியிட்டார். கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீசையும் திருமண அழைப்பிதழையும் சேர்த்துவைத்தார். அவர் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்த் திரைப்படங்கள் அத்தனைக்கும் குறிப்பு எடுத்தார். அவருடைய பெருநூல் 2004இல் வந்தது. சினிமாவை மதிக்காதவர்களும் இன்று அவர் பட்டியலைப் புரட்டாமல் ஒரு பக்கம் எழுத முடியாது. காமிக்ஸுக்கு அப்படி ஒரு நிறுவனமும் கிடைக்கவில்லை, ஒரு பெருநூலும் கிடைக்கவில்லை. கல்விச் சமூகம் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அது பெரிய பிழை.

பட்டியலுக்கு அடங்காத ஒன்றும் உண்டு. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’. சிந்துபாத் நடந்துகொண்டே இருக்கிறான். இருபதாயிரம் நாட்களைக் கடந்தும் முடியவில்லை. இழுத்துக்கொண்டே போகும் எதையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று டீக்கடையில் சொல்லும் அளவுக்கு அது பேச்சில் கலந்துவிட்டது. தினமும் மூன்று நான்கு கட்டங்கள், அடுத்த நாள் அந்தத் தாளில் பஜ்ஜி. கத்தரித்து ஒட்டிவைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் முழு வரிசை கையில் இருப்பவர் ஒருவரேனும் இருந்தால் அது அதிசயம். எத்தனையோ லட்சம் பேர் அன்றாடம் படித்த ஒன்று இப்படிக் கரைந்து போகும் என்பதற்கு இது போதுமான சான்று.

இடையில் சில ஆண்டுகள் சோர்ந்திருந்த லயனும் முத்துவும் 2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ மூலம் வண்ணத்தில் திரும்பின. அந்தக் கடிதப் பக்கத்து மனிதர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி நேரில் கூடுகிறார்கள். நரை கண்ட தலைகள்தாம் பெரும்பான்மை. பேச்சில் முதலில் வருவது இன்றும், ‘உங்ககிட்ட எந்த நம்பர் இல்ல?’ என்பதுதான்.

அவர்களின் பிள்ளைகள் வேறு நாயகர்களோடு வளர்ந்தார்கள். தூர்தர்ஷனில் 1990களில் மோக்லியை இந்தியில் பார்த்த தலைமுறைக்கு அது ஜப்பானில் வரைந்தது என்று தெரியாது. அதற்கடுத்த தலைமுறைக்கு டோரேமானும் ஷின்சானும் வீட்டுக்குள் தமிழிலேயே பேசினார்கள். 2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்ற அனிமேப் படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது. தமிழில் பேசிய அனிமேத் தொடர்கள் எவை, எந்த ஆண்டில், எந்த அலைவரிசையில், யார் மொழிபெயர்த்தார், யார் குரல் கொடுத்தார் என்ற பட்டியலை இன்றைய பிள்ளைகள் இப்போதே எழுதத் தொடங்க வேண்டும். குரல் கொடுத்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் காலம் இருக்கிறது. பிளாஸ்கோவின் பெயரைத் தெரிந்துகொள்ள நமக்கு ஆனதுபோல அவர்களுக்கும் இத்தனை ஆண்டுகள் ஆகக் கூடாது.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் அட்டை கிழிந்த காமிக்ஸ் கட்டு ஏதும் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். இதழின் பெயர், வெளியீட்டு எண், மாதம், விலை இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே கடிதப் பக்கம் இருந்தால் அதையும் படியுங்கள். உங்கள் தெருக்காரர் ஒருவரின் பெயர் அங்கே அச்சாகியிருக்கலாம்.