பண்டாரம் என்னும் ஒரு சொல்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே அமைந்துள்ளது வேப்பம்பட்டு. அலையோசை எட்டாத இவ்வூரில் இருந்துகொண்டு, கடற்கரையின் உரிமை பற்றி நாம் எழுதப் புகுந்தது ஏன் என வாசக நேயர்கள் வினவக்கூடும். அதற்குக் காரணம் ஒரு வசைச்சொல். நம்மிடம் பாடம் கேட்கும் மாணவன் ஒருவன் சினம்கொண்டு, மற்றொருவனைப் 'புறம்போக்கு' என்று ஏசினான். அழைத்துப் பொருள் கேட்டோம். 'எதற்கும் உதவாதவன்' என்றான்.

உண்மைப் பொருள் அதுவன்று. வரி விதிப்புக்குப் புறத்தே விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரியும் கரையும், மேய்ச்சல் வெளியும், பாதையும், இடுகாடும் ஊரார் அனைவரும் புழங்குவதால் எவருக்கும் பட்டா தரப்படாதவை. 'எல்லாருக்கும் உரியது' எனப் பொருள்பட வேண்டிய அச்சொல், 'எவருக்கும் உரியதன்று' என்றாகி, இறுதியில் 'உதவாதது' என இழிந்தது. இவ்வாறே பொருள் திரிந்து, ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வையே அலைக்கழித்த மற்றொரு சொல் அரபிக்கடலில் உண்டு. இலட்சத்தீவுகளில் வழங்கும் 'பண்டாரம்' என்னும் சொல்லே அது.

36 தீவுகள் எனக் கணக்கிடப்பட்ட அக்கூட்டத்தில் மக்கள் வாழ்பவை 10. நிலப்பரப்பு முழுவதும் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473; அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1956 நவம்பர் முதல் நாள் தனி ஒன்றியப் பகுதியாகும் வரை அத்தீவுகள் சென்னை அரசின் ஆளுகையிலேயே இருந்தன; ஒரு பகுதி மலபார் மாவட்டத்தோடும், மறு பகுதி தென்கன்னட மாவட்டத்தோடும் இணைந்திருந்தது. ஆகவே அவர்களுடைய வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

ஆங்கிலேயருக்கு முன் அத்தீவுகள் கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தன. கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச குடும்பம் அது. ஆண் ஆண்டால் அலி ராஜா என்றும், பெண் ஆண்டால் பீபி என்றும் வழங்குவர். தீவில் விளையும் தேங்காயும், அதன் நாரில் திரிக்கும் கயிறுமே மக்களின் செல்வம். 18ஆம் நூற்றாண்டில் அக்கயிற்று வாணிகம் அரசரின் தனி உரிமையாக்கப்பட்டது. தீவினர் கயிற்றை அரசருக்கே விற்க வேண்டும். விலை அவர் வைத்ததே. அதற்கு ஈடாகக் கரையிலிருந்து அரிசி வரும். அத்துடன், பயிரேறாத நிலங்களும் அரசரின் பண்டாரத்துக்கு உரியவை எனப்பட்டன. பண்டாரம் என்றால் கருவூலம். 'பண்டார நிலம்' என்னும் வழக்கு இவ்வாறு பிறந்தது.

கருவூலத்தை அரபு மொழியில் 'பைத்துல் மால்' என்போம். அது மக்கள் அனைவரின் உடைமை. ஆட்சியாளர் அதற்கு அமானிதக் காவலரே அன்றி உரிமையாளர் அல்லர். இதுவே நம் முன்னோர் கற்றுத் தந்த நெறி. கண்ணூரிலோ பண்டாரம் அரச குடும்பத்தின் பணப்பை ஆயிற்று. ஆண்டவர் நம் சமயத்தவர் என்பதற்காக இதை மறைத்து எழுதுதல் தகாது. நம்மவர் செய்தமையால் அநீதி நீதியாகிவிடாது.

தீவினரும் அவ்வாறே கருதினர். 1780களில் அமினித் தீவு மக்கள் அரக்கல் ஆட்சியைப் பொறுக்கமாட்டாமல் திப்பு சுல்தானை அணுகி முறையிட்டனர். அமினித் தீவுக் குழு திப்புவின் ஆட்சிக்கு மாறியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அது ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. எஞ்சிய தீவுகளை 1847ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. துயர்துடைக்கக் கண்ணூர் அரசு ஆங்கிலேயரிடம் பெற்ற கடன் வட்டியோடு வளர்ந்தது; அக்கடனைக் காட்டியே அத்தீவுகளையும் அவர்கள் படிப்படியாகக் கைப்பற்றினர். அரசர் மாறினாலும் பண்டாரம் என்னும் சொல் மாறவில்லை. அந்நிலங்கள் தீவினருக்கே குத்தகைக்கு விடப்பட்டன. அவர்கள் காடு திருத்தித் தென்னை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். சுதந்திர இந்தியாவில் 1965ஆம் ஆண்டின் நிலவருவாய், குத்தகை ஒழுங்குமுறைச் சட்டம் அவர்களது அனுபவ உரிமைக்கு இடமளித்தது.

அத்துடன் அச்சொல் அடங்கிவிட்டதென்றே தீவினர் எண்ணியிருந்தனர். 2021ஆம் ஆண்டு அவ்வெண்ணம் கலைந்தது. எந்த நிலத்தையும் 'வளர்ச்சி'யின் பொருட்டு எடுத்துக்கொள்ளவும், குடியிருப்போரை இடம் மாற்றவும் நிருவாகத்துக்குப் பேரதிகாரம் தரும் வரைவு ஒழுங்குமுறை ஒன்று வெளிவந்தது. அதே ஆண்டில், மீனவர் கடற்கரையில் படகும் வலையும் வைத்திருந்த கொட்டகைகள் கரையோர விதிகளைக் காட்டி இடிக்கப்பட்டன. கவரத்தியில் கரையிலிருந்து 20 மீட்டருக்குள் உள்ள வீடுகளை ஏன் அகற்றலாகாது என அறிக்கை சார்த்தப்பட்டது. கேரள உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது.

ஒரு புறம் இவ்வாறிருக்க, மறு புறம் மினிக்காய், கடமத், சுஹேலித் தீவுகளில் கடற்கரை மாளிகைகளும் நீர்மேல் மாளிகைகளும் அமைக்கத் தனியாரிடம் ஒப்பந்தப் புள்ளிகள் கோரப்பட்டன. சுஹேலியிலும் கடமத்திலும் தலா 110 அறைகள் கொண்ட உல்லாச விடுதிகள் எழும் என 2023 ஜனவரியில் டாட்டா குழுமத்தின் ஓட்டல் நிறுவனம் அறிவித்தது. மீனவனின் ஓலைக் கொட்டகைக்கு இடங்கொடாத கரை, செல்வரின் மாளிகைக்கு மட்டும் இடங்கொடுப்பது எந்த அறத்தின்பாற்பட்டது?

தீவினனுக்குக் கடற்கரை உலாவும் இடம் மட்டுமன்று. அது அவனுடைய தொழிற்சாலை. அங்கேதான் படகை இழுத்து ஏற்றுகிறான். அங்கேதான் தேங்காய் மட்டையை உப்புநீர்க் குழிகளில் ஊறவைத்துப் பெண்கள் நார் எடுக்கின்றனர். பவளப்பாறை வளையத்துள் அடங்கிய காயலில் சிறு மீனை உயிருடன் பிடித்து, அதனை இரையாக இறைத்தே ஆழ்கடலில் சூரை மீனைத் தூண்டிலிடுகிறான். அதுவே மாசியாகிக் கரை வருகிறது. காயலின்மீது மாளிகை எழுந்தால் அழகு மட்டும் கெடாது. இரையும் கெடும், பிழைப்பும் கெடும். சுஹேலியில் நிலையான குடியிருப்பு இல்லை என்பது மெய்யே. ஆயினும் கவரத்தி மக்கள் பருவந்தோறும் சென்று மீன்பிடிக்கும் இடம் அது. குடியில்லாத நிலம் உரிமையில்லாத நிலம் ஆகிவிடாது.

மாலத்தீவைப் பாருங்கள், சுற்றுலாவால் செழிக்கவில்லையா என்பார் உளர். அங்கு ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. ஊர் ஒரு தீவிலும் விடுதி வேறொரு தீவிலும் அமைய இடமுண்டு. இங்கோ ஊரும் தோப்பும் கரையும் சில நூறு அடிகளுக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. விருந்தினர் வரவைத் தீவினர் வெறுப்பவரும் அல்லர். தம்மைக் கலந்துகொள்ளாமல் தம் கரையை வேறொருவருக்கு எழுதித் தருவதையே எதிர்க்கின்றனர்.

அவர்கள் எதிர்த்த முறையும் போற்றத்தக்கது. 2021 ஜூன் 7 அன்று தீவுகள் எங்கும் கடைகளை அடைத்து, தத்தம் வீடுகளிலேயே 12 மணி நேரம் உண்ணாநோன்பு இருந்தனர். சிலர் கடலுக்குள் மூழ்கி நின்று கோரிக்கைப் பதாகைகளைப் பிடித்தனர். கேரள சட்டமன்றம் அதற்கு முன்பே, மே 31 அன்று, அவர்களுக்கு ஆதரவாக ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியிருந்தது. பின்னர் 2024இல் பண்டார நிலங்கள் அரசுடைமையே எனக் கூறி அவற்றை அளந்து மீட்க நிருவாகம் முற்பட்டபோதும், மக்கள் தடுத்து நின்று உயர்நீதிமன்றத்தை நாடினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழஞ்சொல் மீண்டும் உயிர்பெற்றதை என்னென்பது!

சட்டம் இவ்விஷயத்தில் ஊமையன்று. நீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் யாவரும் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். கிணற்றையும் ஆற்றையும் சூழ்ந்த நிலத்தை 'ஹரீம்' எனப் பிரித்து, பொதுப் பயனைத் தடுக்கும்படி அதனை எவரும் தமதாக்கலாகாது என ஃபிக்ஹு நூலார் வகுத்தனர். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுப்பித்த ரோமச் சட்டமும் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை அனைவருக்கும் பொது என்றது. 1996இல் பியாஸ் ஆற்றங்கரை விடுதி வழக்கில் நம் உச்சநீதிமன்றம் இதே நெறியைக் கையாண்டு, இயற்கைச் செல்வங்களுக்கு அரசு அறங்காவலரே என்று தீர்ப்பளித்தது. வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் 54 மாளிகைகளுடன் எழுந்த விடுதியை எதிர்த்து ஊன்றுவலை மீனவர் நீதிமன்றம் சென்றனர். அதனை இடிக்குமாறு கேரள உயர்நீதிமன்றம் 2013இல் இட்ட கட்டளையை உச்சநீதிமன்றம் 2020 ஜனவரியில் உறுதி செய்தது. 2022இல் இடிப்பும் தொடங்கிற்று. ஏழையின் வலை, செல்வரின் சுவரை வென்றது.

பண்டாரம், பைத்துல் மால், அறங்காவல் என்னும் மூன்று சொற்களும் ஒரே கேள்வியை எழுப்புகின்றன. பொதுப்பொருளுக்கு ஆட்சியாளர் காவலரா, உரிமையாளரா? காவலரே என்பதை உறுதியாகப் பற்றி நிற்கிறார்கள் அச்சிறு தீவின் மக்கள். நம் ஏரிக்கரைகளும் மேய்ச்சல் வெளிகளும் மனைகளாக மாறிவரும் இந்நாளில், அவர்களிடம் நாம் பயில வேண்டிய பாடம் அது. ஏசிய மாணவனிடம் நாம் கூறியதும் இதுவே: 'தம்பி, புறம்போக்கு என்றால் உனக்கும் எனக்கும் பொதுவானது என்று பொருள், இனி அதனை வசையாகச் சொல்லாதே.'