முத்திரையிட்ட டெண்டரும் நகரத்தின் ரயிலும்

1871-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து நீதிமன்றக் கட்டிடத்தின் கணக்குகள் பத்திரிகைகளில் வெளியானபோது, தச்சு வேலைக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் நகர பொக்கிஷத்திலிருந்து கொடுக்கப்பட்ட தொகைகளைக் கண்டு ஜனங்கள் திகைத்துப் போயினர். ட்வீட் என்ற அரசியல் தலைவரும் அவருடைய சகாக்களும், தங்களுக்கு வேண்டிய காண்டிராக்டர்களிடம் பல மடங்கு உயர்த்திய பில்களைப் பெற்று, உபரிப் பணத்தைப் பங்கிட்டுக் கொண்ட வரலாறு அம்பலமாயிற்று. அந்த அவமானத்தின் நினைவு அழியாதிருந்த நகரத்தில், பொதுப் பணத்தால் நடைபெறும் எந்த வேலைக்கும் பகிரங்கமாக விளம்பரம் செய்து, முத்திரையிட்ட உறைகளில் டெண்டர்களைப் பெற்று, குறித்த நாளில் எல்லார் முன்னிலையிலும் அவற்றைப் பிரித்து, தகுதியுடையோருள் குறைந்த விலை கூறியவருக்கே வேலையை அளிக்க வேண்டும் என்ற விதி, ஒரு தர்ம சாஸ்திரத்தின் அந்தஸ்தைப் பெற்றதில் வியப்பில்லை. அந்த விதி நகரத்தின் பூமிக்கடி ரயிலை எவ்வாறு உருவாக்கியது, எங்கே அதை வழி தவறச் செய்தது, பிறகு எவ்வாறு தானே திருந்திக்கொண்டது என்பதை அறிவது, பொதுப் பணத்தில் அக்கறையுள்ள ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

பூமிக்கடியில் ரயில் ஓட்டும் உரிமையை நகரம் 1892-ஆம் ஆண்டிலேயே ஏலத்துக்குக் கொண்டுவந்தது. ஆயினும், கட்டுமானச் செலவு முழுவதையும் தனியார் தம் கைப்பணத்திலிருந்தே போட வேண்டும் என்ற நிபந்தனையின் பாரத்தைச் சுமக்கப் பொறுப்புள்ள முதலாளி எவரும் முன்வரவில்லை. 1894-ஆம் ஆண்டில் ஜனங்களின் வாக்கைப் பெற்று, நகரமே தன் கடன் பத்திரங்களைக் கொண்டு பாதையைக் கட்டுவது, கட்டியவரே ஐம்பது ஆண்டுகளுக்கு அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவது என்ற புதிய ஏற்பாடு பிறந்தது. வில்லியம் பார்க்லே பார்சன்ஸ் என்ற தலைமை இஞ்சினீயர் பாதையின் திட்டங்களை வகுத்துக் கொடுத்தார். 1900-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி டெண்டர்கள் பிரிக்கப்பட்டபோது வந்திருந்தவை இரண்டே: ஆண்ட்ரூ ஆண்டர்டாங்க் 3 கோடியே 93 லட்சம் டாலர் கேட்டிருந்தார், ஜான் மக்டொனால்டு 3 கோடியே 50 லட்சம் டாலர் கேட்டிருந்தார். வேலை மக்டொனால்டுக்குக் கிடைத்தது.

விலையில் வென்ற அவரிடம், நகரம் கேட்ட ஜாமீனைக் கட்டப் போதிய திரவியம் இல்லை. ஆகஸ்ட் பெல்மாண்ட் என்ற வங்கி முதலாளி முன்வந்து பொறுப்பை ஏற்றதனாலேயே அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மண் வெட்ட முடிந்தது. 1904 அக்டோபர் 27-ஆம் தேதி முதல் ரயில் ஓடியது. ஒப்பந்தத்தில் விதித்த ஐந்து சென்ட் கட்டணம், உலக யுத்தங்களினால் கூலியும் நிலக்கரியும் விலையேறிய பின்பும், 1948 வரை மாறாமல் நின்றது. ரயிலை நடத்திய கம்பெனிகள் நலிவடைந்து, 1940-ஆம் ஆண்டில் நகரமே அவற்றை விலைக்கு வாங்கிக்கொள்ள நேர்ந்ததற்கு அதுவும் ஒரு பிரதான காரணம். உறையைப் பிரிக்கும் நாளில் எல்லாருடைய கண்ணும் விலையின் மீதே பதிகிறது. பின்வரும் ஆண்டுகளை ஆளுவதோ ஷரத்துக்களே என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

நகரமே ரயிலுக்கு உடைமையாளரான பிறகு, வண்டிகளை வாங்குவதும் அதன் பொறுப்பாயிற்று. 1964-ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட நகரப் போக்குவரத்துச் சட்டம் மத்திய சர்க்காரின் மானியத்தை நாடெங்கும் உள்ள நகரங்களுக்குத் திறந்துவிட்டது. மானியத்தோடு, குறைந்த விலை கூறியவரையே ஏற்கச் சொல்லும் விதிகளும் வந்தன. இவ்விதம் விலையையே பிரமாணமாகக் கொண்ட காலத்தில், 1972-ஆம் ஆண்டு, எழுநூற்றுக்கு மேற்பட்ட ரயில் வண்டிகளுக்கான ஆர்டரை, போட்டியிட்டவர்களுள் குறைந்த விலை கூறிய புல்மன் கம்பெனிக்கு நியூயார்க் அளித்தது. 'ஆர் 46' எனப்பட்ட அவ்வண்டிகள் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், சக்கரங்களைத் தாங்கும் உருக்குச் சட்டங்களில் வெடிப்புக்கள் தோன்றின. எடை குறைவாகச் செய்யப்பட்ட அச்சட்டங்களை ஓயாது பரிசோதிப்பதும் பழுது பார்ப்பதும், இறுதியில் அனைத்தையும் மாற்றுவதுமாக நகரம் அல்லலுற்றது. வழக்கு மன்றம் ஏறி, 1980-ஆம் ஆண்டில் ஜூரிகள் சுமார் 7 கோடி டாலர் நஷ்ட ஈடு விதித்தனர். ஆயினும் நிறுத்தி வைத்த வண்டிகளுக்காக நடைமேடையில் காத்துநின்ற பிரயாணியின் பொழுதை எந்த ஜூரியாலும் திருப்பித் தர இயலவில்லை. புல்மன் கம்பெனியும் அதன் பின் வெகு விரைவில் பிரயாணி வண்டித் தொழிலை விட்டே விலகிற்று. அடிமாட்டு விலைக்கு மாட்டை வாங்கிவிட்டுப் பாலுக்கு ஏங்கும் குடியானவனின் நிலைமைதான் அந்த மாநகரத்துக்கும் வாய்த்தது.

வாங்குபவரின் பிழை விலையில் மட்டும் வருவதன்று. கேட்கும் பொருளின் விவரணத்திலும் வரும். முதியோரும் ஊனமுற்றோரும் சிரமமின்றி ஏறத்தக்க தாழ்ந்த தளமுடைய பஸ் ஒன்றை, 'டிரான்ஸ்பஸ்' என்ற பெயரில், மத்திய சர்க்கார் பெருஞ்செலவில் உருவாக்கிப் பார்த்து, நகரங்கள் இனி அதையே வாங்க வேண்டும் என்று 1977-இல் கட்டளையிட்டது. நோக்கம் உன்னதமானது. லாஸ் ஏஞ்சல்ஸ், மியாமி, பிலடெல்பியா ஆகிய மூன்று நகரங்களும் ஒன்றுசேர்ந்து 530 பஸ்களுக்கு டெண்டர் கோரின. 1979-ஆம் ஆண்டு மே மாதம் குறித்த நாள் வந்தது. ஒரு டெண்டர்கூட வரவில்லை. குறித்த விவரணத்தையும் அதன் அபாயங்களையும் தம் தலையில் ஏற்றுக்கொள்ள எந்த உற்பத்தியாளரும் துணியாமையால், அந்த நல்ல திட்டம் நிறைவேறாமலே மறைந்தது. தயாரிப்பவரோடு கலந்து பேசாமல் எழுதிய விவரணம் போட்டியை வளர்க்காது, அதைக் கொன்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

இவ்விரு அனுபவங்களும் வீண்போகவில்லை. நியூயார்க்கின் போக்குவரத்து ஆணையத் தலைவர் ரிச்சர்ட் ராவிச்சின் முயற்சியால், வண்டி வாங்குவதில் விலையோடு தரத்தையும் எடைபோட்டு, கம்பெனிகளுடன் பேச்சு நடத்தி முடிவெடுக்கும் உரிமையை மாநில சட்டசபை வழங்கிற்று. அதன்படி 1982-ஆம் ஆண்டில் ஜப்பானிய கவாசாகி கம்பெனியிடம் 325 வண்டிகளும் கனடாவின் பம்பார்டியர் கம்பெனியிடம் 825 வண்டிகளும் வாங்கப்பட்டன. உள்நாட்டுக் கம்பெனி ஒன்று கடுமையாக ஆட்சேபித்த போதிலும், அவ்வண்டிகள் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் உழைத்து அந்த முடிவை நியாயப்படுத்தின. அதே 1982-இல் மத்திய சட்டமும் திருந்தியது: ரயிலும் பஸ்ஸும் வாங்கும்போது முதல் விலையோடு, அவற்றின் செயல்திறனையும், அவை உழைக்கும் காலம் முழுவதற்குமான செலவையும் கணக்கில் கொள்ளலாம் என்று அது கூறிற்று.

ஆயினும் விதி தளர்ந்த இடத்தில் ஊழல் நுழையாதிருக்கப் புதிய வேலிகள் கட்டப்பட்டன. தரத்தை எவ்விதம் மதிப்பிடுவது என்பதை முன்னதாகவே எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒரே கம்பெனிக்குப் பொருந்துமாறு விவரணம் எழுதுதல் கூடாது. தன் ஊர்க்காரர் என்பதற்காக எவருக்கும் சலுகை காட்டலாகாது என்ற தடையும் 2024 வரை இருந்தது. மறுபுறம், 1978-இல் பிறந்த உள்நாட்டுப் பொருள் விதி படிப்படியாக வலுத்து, வண்டியின் பாகங்களின் மதிப்பில் 70 சதவிகிதத்துக்கு மேல் அமெரிக்க உற்பத்தியாக இருக்க வேண்டும் என்னும் அளவுக்கு வளர்ந்துள்ளது.

டெண்டர் முறை திருடனுக்கு அஞ்சிப் பிறந்தது. அந்த அச்சம் நியாயமானது. இன்றும் அதைக் கைவிடலாகாது. ஆனால் களவைத் தடுக்கும் வேலி எதுவும், வாங்குபவரின் அறிவுக்குப் பிரதியாக நிற்க முடியாது. நம்முடைய ஊர்களிலும் பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ டெண்டர் பிரிக்கப்பட்ட செய்தியைப் படிக்கும் வாசகர்கள், யார் குறைந்த விலை கூறினார் என்று கேட்பதோடு நிறுத்தாமல், என்ன விவரணம் எழுதப்பட்டது, எத்தனை பேர் போட்டியிட்டனர், பழுது வந்தால் பொறுப்பு யாருடையது, வண்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விகளையும் கேட்பார்களாக. கேட்கும் ஜனங்கள் உள்ள ஊரில்தான் டெண்டர் விதி உயிரோடு இருக்கும்.